ஒரே முகம், இரண்டு பெயர்: கபுகி நடிகர்களின் பெயர்மாற்றத்தைப் புரிந்துகொள்ள

ஜப்பானிய மரச்செதுக்கு அச்சோவியங்களில் உலகம் முழுக்கத் தெரிந்த முகம் ஒன்று உண்டு. இறுகிய உதடுகள், மேலேறிய புருவம், உடைக்குள்ளிருந்து வெளியே வந்து விரல் விரித்து நிற்கும் இரண்டு கைகள். 1794இல் ஷாராகு என்ற ஓவியர் வரைந்தது. அருங்காட்சியகங்களில் அதன் கீழே "எடோபெய் வேடத்தில் மூன்றாம் ஓத்தானி ஓனிஜி" என்று எழுதியிருப்பார்கள். படத்தைத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகரான அவரைப் பற்றி இரண்டு வரி சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

அதற்கு ஒரு காரணம் உண்டு. படம் வந்த அதே ஆண்டின் 11ஆம் மாதத்தில் அவர் அந்தப் பெயரையே விட்டுவிட்டார். இரண்டாம் நகாமுரா நகாஸோ ஆனார். முப்பதுகளின் நடுப்பகுதியில், 1796இல், இறந்தபோதும் அவர் நகாஸோதான். ஓனிஜி என்று தேடுகிறவருக்கு 1794க்குப் பிறகு ஆள் காணாமல் போகிறார். நகாஸோ என்று தேடுகிறவருக்கு அதற்கு முன்னால் வேறொருவர் வந்து நிற்கிறார்.

கபுகி வரலாற்றுக்குள் நுழைகிற எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். பெயர் ஏன் மாறுகிறது, எப்போது மாறுகிறது, மாறினாலும் ஆளைத் தவறவிடாமல் பின்தொடர்வது எப்படி என்பதை இந்த ஓனிஜியை வைத்தே பார்க்கலாம்.

ஒருவருக்கு எத்தனை பெயர்

பிறப்புப் பெயர் தனி. மேடையில் அதற்கு இடமில்லை. 2013இல் மறைந்த பன்னிரண்டாம் இச்சிகாவா டான்ஜூரோவின் பிறப்புப் பெயர் ஹோரிகோஷி நாட்சுவோ. இச்சிகாவா என்பது அவர் பிறந்த குடும்பப் பெயர் இல்லை, நாடகக் குடும்பத்தின் பெயர். ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும், தனிப்பெயர் பின்னால் வரும். எனவே "ஓத்தானி ஓனிஜி"யில் ஓத்தானி நாடகக் குடும்பம், ஓனிஜி அதற்குள் அவர் வகித்த பெயர்.

வகித்த பெயர் என்று வேண்டுமென்றே சொல்கிறோம். கபுகியில் மேடைப்பெயர் நடிகரின் சொத்து அன்று, குடும்பத்தின் சொத்து. ஒருவர் அதைச் சில காலம் தாங்குகிறார், பிறகு இன்னொருவர் தாங்குகிறார். எத்தனையாவது ஆள் என்பதைக் காட்டத்தான் மூன்றாம், பன்னிரண்டாம் என்ற தலைமுறை எண். மகன், பேரன், தத்துப்பிள்ளை, மருமகன், சீடன் என்று யாரும் அடுத்த தலைமுறை ஆகலாம். இரத்த உறவு கட்டாயமில்லை.

இதோடு இன்னும் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்று யாகோ, அதாவது குடும்பத்தின் கடைப்பெயர். டான்ஜூரோ குடும்பத்துக்கு நாரிதாயா, கிகுகோரோ குடும்பத்துக்கு ஓத்தோவாயா, கோஷிரோ குடும்பத்துக்கு கோராய்யா. காட்சியின் உச்சத்தில், மேல்மாடத்தின் பின்வரிசையிலிருந்து பழகிய ரசிகர்கள் கத்திக் கூப்பிடுவது பெரும்பாலும் இந்தப் பெயரைத்தான். இன்னொன்று ஹைமியோ, நடிகர் ஹைக்கூ எழுதுவதற்கு வைத்துக்கொள்ளும் புனைபெயர். இதைப் புறக்கணிக்கக் கூடாது, ஏனென்றால் ஹைமியோவே பின்னாளில் மேடைப்பெயராகிவிடுவது உண்டு. முதலாம் ஓனோவே கிகுகோரோவின் ஹைமியோ பாய்கோ. பிறகு ஓனோவே பாய்கோ என்றே தனி மேடைப்பெயர் வரிசை உருவானது. மூன்றாம் நகாமுரா உத்தாயெமோனின் ஹைமியோவான ஷிகானும் அப்படியே.

குடும்பச் சின்னமும் உண்டு, மோன் என்பார்கள். டான்ஜூரோவுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள். பெயர் எழுதாத ஓவியத்தில் இந்தச் சின்னமே முதல் துப்பு.

படிக்கட்டு

பெரிய குடும்பங்களில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டுபோல அமைந்திருக்கும். பன்னிரண்டாம் டான்ஜூரோ 1958இல் ஆறாம் ஷின்னோசுகே ஆனார், 1969இல் பத்தாம் எபிஸோ, 1985இல் டான்ஜூரோ. ஒரே மனிதர், ஆனால் 1970ஆம் ஆண்டு நிகழ்ச்சித் தாளில் டான்ஜூரோவைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

மட்சுமோட்டோ கோஷிரோ குடும்பத்தில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். படிகள் கின்டாரோ, சோமெகோரோ, கோஷிரோ, அதற்கும் மேலே ஹாகுஓ. 1981இல் தாத்தா, தந்தை, மகன் மூவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு படி ஏறினார்கள். 2018 ஜனவரியில் அதுவே மறுபடியும் நடந்தது: ஒன்பதாம் கோஷிரோ இரண்டாம் ஹாகுஓ ஆனார், ஏழாம் சோமெகோரோ பத்தாம் கோஷிரோ ஆனார், நான்காம் கின்டாரோ எட்டாம் சோமெகோரோ ஆனார். எனவே "கோஷிரோ நடித்த நாடகம்" என்று ஆண்டு குறிப்பிடாமல் எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

இப்படிப் பெயரேற்பதற்கு ஷூமெய் என்று பெயர். இன்றைக்கு அது பெரிய விழா. புதுப்பெயர் ஏற்றவர் முழு அலங்காரத்தோடு மேடையில் மண்டியிட்டுத் தலைதாழ்த்துவார். மூத்த நடிகர்கள் இருபுறமும் அமர்ந்து அவரைப் பார்வையாளர்களிடம் ஒப்படைத்துப் பேசுவார்கள். இந்த அறிவிப்புக் காட்சிதான் கோஜோ. பெரிய பெயர் என்றால் தோக்கியோவின் கபுகி அரங்கில் இரண்டு மூன்று மாதம் இதற்கென்றே நிகழ்ச்சிகள், பிறகு மற்ற ஊர்களிலும் தொடரும். பதினொன்றாம் எபிஸோ பதின்மூன்றாம் டான்ஜூரோ ஆவது 2020 மே மாதத்துக்குக் குறிக்கப்பட்டு, கொரோனாவால் தள்ளிப்போய், 2022 நவம்பரில் நடந்தது.

சீடர்களின் வழி வேறு. குடும்பத்துக்கு வெளியிலிருந்து வருகிறவருக்கு ஆசிரியரின் குடும்பப் பெயரும், பெரும்பாலும் ஆசிரியர் பெயரிலிருந்து ஓர் எழுத்தும் கிடைக்கும். 1970இல் தொடங்கிய தேசிய நாடக அரங்கின் பயிற்சித் திட்டத்தில் தேறி வருகிறவர்களும் ஒரு மூத்த நடிகரிடம் சீடராகச் சேர்ந்து பெயர் வாங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை சிறிய பெயர்களிலேயே நடித்து முடிப்பார்கள். கபுகி மேடையைத் தாங்கி நிற்பவர்கள் அவர்கள்தான், ஆனாலும் வரலாற்று நூல்களில் அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம்.

ஓனிஜி ஏன் நகாஸோ ஆனார்

ஓத்தானி குடும்பத்தில் ஓனிஜி என்பது நடுப்படி. அதற்கு மேலே இருந்த பெரிய பெயர் ஹிரோஜி. நம் ஓனிஜிக்கு முன்பு அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் ஹிரோஜியாக ஏறியவர்கள். அவர் காலத்தில் அந்த மேல்படியில் மூன்றாம் ஹிரோஜி இருந்தார்; அவர் 1802 வரை உயிரோடும் இருந்தார். மேல்படியில் ஆள் இருக்கும்போது கீழ்ப்படியில் நிற்பவர் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு குடும்பத்திலோ ஒரு பெரிய பெயர் காலியாக இருந்தது. முதலாம் நகாமுரா நகாஸோ 1790இல் இறந்திருந்தார். அவர் நாடகக் குடும்பங்களின் மேல்தட்டில் பிறந்தவர் இல்லை. 1766இல், நாற்பத்தேழு சாமுராய்களின் கதையான சூஷிங்குராவில் அவருக்குக் கிடைத்தது சாதாகுரோ என்ற கொள்ளைக்காரன் வேடம். ஐந்தாம் அங்கத்தில் சிறிது நேரம் வந்து, ஒரு கிழவரைக் கொன்று பணத்தைப் பறித்துவிட்டுத் தானும் செத்துப்போகும் பாத்திரம். அதுவரை அவனை நாட்டுப்புறத் திருடனாக, தடித்த முரட்டு உடையில் காட்டிவந்தார்கள். நகாஸோ அவனை எஜமானனை இழந்து நிற்கும் சாமுராயாக மாற்றினார்: வெண்பூச்சு முகம், கருப்புப் பட்டுடை, மழையில் நனைந்து சொட்டும் தலைமுடி. இன்றைக்கும் சாதாகுரோ மேடைக்கு வருவது அந்தத் தோற்றத்தில்தான். ஒரு சின்ன வேடத்தை வைத்து ஒரு பெயரையே பெரிதாக்கியவர் அவர். மூன்றாம் ஓனிஜியும் எதிர்மறை வேடக்காரர். எடோபெய்யும் பணம் பறிக்கும் முரடன்தான். 1794இன் 11ஆம் மாதத்தில் அவர் ஏற்றது இப்படிப்பட்ட பெயரை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அது எவ்வளவு பெரிய ஏற்றம் என்பது புரியும்.

ஏன் 11ஆம் மாதம்? எடோ (இன்றைய தோக்கியோ) நகரத்தின் நாடக ஆண்டு தொடங்கியது அப்போதுதான். அரங்குகள் நடிகர்களை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தன. 11ஆம் மாதத்து முதல் நிகழ்ச்சி காவோமிசே, "இந்த ஆண்டு எங்கள் அரங்கில் இவர்கள்" என்று முகம் காட்டுவது. அரங்கு மாறுவது, பெயர் மாறுவது இரண்டும் இந்த நிகழ்ச்சியோடு சேர்ந்து நடப்பது வழக்கம். ஒரு நடிகர் திடீரென்று காணாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த 11ஆம் மாதத்தை.

ஷாராகுவின் படங்களிலேயே இது பதிவாகியிருக்கிறது. அவர் வரைந்தது 1794இன் 5ஆம் மாதத்திலிருந்து மறு ஆண்டு முதல் மாதம் வரை மட்டுமே. அதற்குள் நம் நடிகர் குறைந்தது மூன்று முறை சிக்குகிறார்:

5ஆம் மாதம், காவாராஸாகி அரங்கு, மூன்றாம் ஓத்தானி ஓனிஜி, எடோபெய் வேடம்.
7ஆம் மாதம், காவாராஸாகி அரங்கு, மூன்றாம் ஓத்தானி ஓனிஜி, காவாஷிமா ஜிபுகோரோ வேடம்.
11ஆம் மாதம், மியாகோ அரங்கு, இரண்டாம் நகாமுரா நகாஸோ, விவசாயி ட்சுசிஸோ வேடம் (உண்மையில் மாறுவேடத்தில் இருக்கும் இளவரசர் கொரெத்தாகா).

ஓவியர் ஒருவர், நடிகர் ஒருவர், ஆண்டும் ஒன்று. மாறியவை அரங்கும் பெயரும். கபுகி நடிகர் ஒருவரின் வாழ்க்கையைத் தொகுக்க வேண்டுமென்றால் இதேபோன்ற பட்டியல்தான் அடிப்படை.

பட்டியல் போடும் முறை

பெயரிலிருந்து தொடங்காதீர்கள். மாதம், அரங்கு, வேடம் மூன்றிலிருந்து தொடங்குங்கள். இந்த மூன்றும் பொருந்தினால் நடிகர் தானாகக் கிடைத்துவிடுவார். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் நூறு ஆண்டுகளில் ஐந்து பேர் கிடைப்பார்கள்.

முதல் ஆதாரம் பான்சுகே, அரங்குகள் அச்சிட்ட நிகழ்ச்சித் தாள். அதில் பல வகை உண்டு. காவோமிசே பான்சுகே ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த மொத்தக் குழுவையும் காட்டும். தெருமுனை பான்சுகே சுவரொட்டி வேலை பார்த்தது. வேடப் பட்டியல் பான்சுகேயில் யாருக்கு எந்த வேடம் என்று நேரடியாக இருக்கும். படப் பான்சுகே காட்சிகளைச் சிறு புத்தகமாக வரைந்து காட்டும். ஓர் ஓவியத்தில் இருப்பவர் யார் என்று அறிய முதலில் பார்க்க வேண்டியது வேடப் பட்டியலை. எடோபெய் படத்திலும் நடிகரின் பெயர் எழுதப்படவில்லை. ஷாராகுவின் கையொப்பம், பதிப்பாளர் ட்சுதாயா ஜூஸாபுரோவின் முத்திரை, தணிக்கை முத்திரை இவைதான் இருக்கின்றன. 1794இன் 11ஆம் மாதத்தை ஒட்டி ஷாராகு வரைந்த நடுத்தர அளவுத் தலைப் படங்களில் நிலைமை எளிது. யாகோவையும் ஹைமியோவையும் படத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: பான்சுகே நிகழ்ச்சிக்கு முன்பே அச்சாகும். கடைசி நேரத்தில் நோயாலோ சண்டையாலோ ஆள் மாறினால் தாளில் பழைய பெயரே நிற்கும். அதனால் இன்னொரு ஆதாரம் இல்லாமல் பான்சுகேயை மட்டும் நம்பி "நடித்தார்" என்று எழுதக் கூடாது. "நடிப்பதாக அறிவிக்கப்பட்டார்" என்பதே சரி.

இரண்டாவது ஆதாரம், நடிகர் மதிப்புரை நூல்கள். யாகுஷா ஹியோபான்கி என்பது இவற்றின் பொதுப்பெயர். ஆண்டுதோறும் புத்தாண்டை ஒட்டி வந்து, கியோத்தோ, ஓசாகா, எடோ மூன்று நகரங்களின் நடிகர்களையும் வேட வகைப்படி பிரித்துத் தரம் போட்டன. "மேல், மேல், நற்பேறு" என்ற பொருள்தரும் எழுத்துகளை அடுக்கித் தரம் காட்டுவார்கள்; ஒரே எழுத்தையே பாதி வெள்ளையாக அச்சிட்டு அரைப்படி குறைப்பார்கள். பெரிதாகப் புகழ்பெறாத ஒரு நடிகரின் ஏற்ற இறக்கத்தை ஆண்டுவாரியாகப் பார்க்க இதைவிடச் சிறந்த சான்று கிடையாது.

இந்த இரண்டு வகைத் தாள்களிலும் கண்ணை வைத்துத் தேட வேண்டியது அராதாமே என்ற சொல்லை. பழைய பெயர், அராதாமே, புதிய பெயர் என்ற வரிசையில் வரும். இன்னார் பெயர் மாற்றி இன்னார் ஆனார் என்ற அறிவிப்பு அது. இன்றைய கபுகி சுவரொட்டிகளிலும் இதே அமைப்புத்தான். இந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் இரண்டு பெயர்களையும் தயக்கமின்றி இணைத்துவிடலாம்.

வேறொரு நல்ல ஆதாரம் ஷினி-ஏ, நடிகர் இறந்ததும் விற்ற நினைவு அச்சுப்படம். இறந்த நாள், வயது, பௌத்த முறைப்படி சூட்டிய மறைவுப் பெயர், அடக்கம் செய்த கோயில் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் இவை பெருகியது 19ஆம் நூற்றாண்டில். நம் நகாஸோவின் காலத்துக்கு அதிகம் எதிர்பார்க்க முடியாது. அந்த வயதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைய கணக்கில் பிறந்த உடனே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். நம் கணக்கைவிட ஒன்றோ இரண்டோ அதிகமாகவே வரும்.

தோக்கியோவில் வாசேதா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகம் தன் நடிகர் ஓவியங்களையும் பான்சுகேகளையும் இணையத் தரவுத்தளமாக வைத்திருக்கிறது. கியோத்தோவின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகக் கலை ஆய்வு மையமும் அப்படியே. வீட்டிலிருந்தபடியே தேடலாம். ஜப்பானிய எழுத்தில் பெயரைக் கொடுத்துத் தேடினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

உங்கள் பட்டியலில் இத்தனை பத்திகள் போதும்: ஜப்பானிய ஆண்டும் மாதமும், நகரம், அரங்கு, தாளில் அச்சான பெயர் அப்படியே, வேடம், சின்னம், எந்த ஆதாரம். தலைமுறை எண்ணுக்கு ஒரு தனிப் பத்தி வைத்து, அதைக் கடைசியில், பென்சிலால் நிரப்புங்கள்.

எண் ஏன் கடைசியில்

பல பழைய தாள்களில் எண்ணே இருக்காது. "ஓனிஜி" என்றுதான் இருக்கும். மூன்றாம், இரண்டாம் என்பதெல்லாம் பெரும்பாலும் பின்னாளில் வரிசைப்படுத்தியவர்கள் சேர்த்தது. அந்த வரிசையிலேயே பொறிகள் உண்டு.

மிகத் தெளிவான உதாரணம் பத்தாம் டான்ஜூரோ. ஒன்பதாம் டான்ஜூரோ 1903இல் இறந்த பிறகு 1962 வரை யாருமே அந்தப் பெயரில் மேடையேறவில்லை. ஒன்பதாமவரின் மருமகன் இச்சிகாவா சான்ஷோ 1956இல் இறந்தபோது, மறைவுக்குப் பின் அவருக்குப் பத்தாம் டான்ஜூரோ என்று சூட்டினார்கள். அதனால் 1962இல் வந்தவர் பதினொன்றாமவர். பத்தாம் டான்ஜூரோ நடித்த நாடகத்தைத் தேடினால் ஒரு தாளும் கிடைக்காது, தவறு தேடியவர் மேல் இல்லை.

அடுத்தது, படிக்கட்டில் எப்போதும் மேலே மட்டும்தான் ஏறுவார்கள் என்ற எண்ணம். ஷாராகு எடோபெய்யை வரைந்த அதே நாடகத்தில் இச்சிகாவா எபிஸோ என்ற முதியவரையும் வரைந்திருக்கிறார். இன்றைய வழக்கப்படி எபிஸோ என்றால் டான்ஜூரோ ஆகப்போகும் இளையவர் என்று நினைப்போம். அவர் அதற்கு முன்பே டான்ஜூரோவாக இருந்தவர், ஐந்தாமவர். 1791இல் அந்தப் பெயரை மகனுக்குக் கொடுத்துவிட்டு எபிஸோ ஆனார். 1794இல் ஆறாம் டான்ஜூரோ பதின்ம வயதுப் பையன், எபிஸோ அவனுடைய தந்தை. ஏழாம் டான்ஜூரோவும் 1832இல் இப்படித்தான் எபிஸோ ஆனார். முதலாம் நகாஸோவோ 1780களின் நடுவில் தன் பெயரை விட்டு நகாயாமா கோஜூரோ என்ற பெயரை ஏற்று, பிறகு பழைய பெயருக்கே திரும்பிவிட்டார். அந்த இடைவெளியைக் கவனிக்காதவர்கள் அவரை இரண்டு ஆட்களாக எண்ணிவிடுவார்கள்.

நகரம் என்று ஒரு பத்தி வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நகாஸோ என்ற பெயர் எடோவில் மட்டும் இருந்ததில்லை. ஓசாகாவிலும் அந்தப் பெயரில் தனிக் கிளை இருந்தது. எடோ வரிசையில் இரண்டாமவர் 1796இல் இறந்தபின், மூன்றாமவர் அந்தப் பெயரை ஏற்றது 1865இல். அதுவரை நகாமுரா ட்சுருஸோ என்று அறியப்பட்டவர் அவர். இடையிலுள்ள ஏறக்குறைய 70 ஆண்டுகளில் நகாஸோ என்ற பெயர் கண்ணில் பட்டால், எடோ வரிசையில் எண் கொடுக்கும் முன் ஓசாகாவைப் பாருங்கள்.

பஞ்சாங்கமும் காலை வாரும். ஜப்பான் 1872 வரை சந்திர மாதங்களைப் பின்பற்றியது. 11ஆம் மாதம் என்பது நவம்பர் இல்லை. ஆண்டின் கடைசி வாரங்கள் மேலைக் கணக்கில் அடுத்த ஆண்டுக்குள் விழும். 1794க்கு இணையான, கான்செய் என்ற ஜப்பானிய சகாப்தத்தின் 6ஆம் ஆண்டில் 11ஆம் மாதமே அதிக மாதமாக இரண்டு முறை வந்தது. "நவம்பர் 1794" என்று மாற்றி எழுதுவதைவிட "கான்செய் 6, 11ஆம் மாதம்" என்று விட்டுவிடுவதே பாதுகாப்பு.

எண் தேவையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2025 மே மாதத்தில் ஐந்தாம் ஓனோவே கிகுனோசுகே எட்டாம் கிகுகோரோ ஆனார். அவருடைய தந்தை ஏழாம் கிகுகோரோ வேறு பெயருக்குப் போகாமல் அதே பெயரிலேயே இருந்தார். ஒரே காலத்தில் இரண்டு கிகுகோரோக்கள். அங்கே எண் இல்லாமல் ஆளைச் சொல்லவே முடியாது.

ஒரு படத்துக்கோ நிகழ்ச்சிக்கோ குறிப்பு எழுதும்போது அந்த நாளில் நடிகர் தாங்கிய பெயரையே முதலில் எழுதுங்கள். பிற்காலப் பெரிய பெயரைப் பழைய நாளுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நடிகருக்கான தனிக் கோப்பை மட்டும் அவர் கடைசியாகத் தாங்கிய பெயரில் வையுங்கள், மற்ற பெயர்களிலிருந்து அதற்கு வழிகாட்டி வையுங்கள். எடோபெய் படத்தின் கீழே "மூன்றாம் ஓத்தானி ஓனிஜி, பின்னாளில் இரண்டாம் நகாமுரா நகாஸோ" என்று எழுத இடம் இல்லாத அருங்காட்சியகச் சுவர் எதுவும் இருக்க முடியாது. அந்த இரண்டாம் பெயரை விட்டுவிட்டால், அவர் எட்டிய உயரமே குறிப்பிலிருந்து விடுபட்டுப்போகிறது.